ரத்தம் உறையாமல் இருக்கப் போட்ட ஊசியே பிளேட்லெட்டைக் குறைக்குமா?

கேள்வி:

என் அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று, சேர்த்த நாளிலிருந்தே வயிற்றில் ஹெபாரின் ஊசி தினம் இரண்டு வேளை போட்டார்கள். எட்டாம் நாள் இடது கால் வீங்கியது, டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொடையில் ரத்தக்கட்டி. அன்றைக்கே பிளேட்லெட் 78,000 என்று ரிப்போர்ட் வந்தது. சேர்த்த அன்று 2,60,000, ஆபரேஷனுக்கு மறுநாள் 1,90,000, ஐந்தாம் நாள் 2,30,000 என்று இருந்தது. டெங்குவாக இருக்குமோ என்று பயந்து, பிளேட்லெட் கொடுக்கச் சித்தப்பா மகன்களை ராத்திரியோடு ராத்திரியாக வரவழைத்தோம். டாக்டர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஹெபாரினை நிறுத்திவிட்டு ஃபோண்டாபாரினக்ஸ் என்று வேறு ஊசி போட்டார். ஒரு வாரத்தில் எண்ணிக்கை தானாக ஏறிவிட்டது. பி.எஃப்.4 ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ், ஓ.டி. 2.4 என்று போட்டிருக்கிறது. இப்போது வீட்டில் ரிவராக்சபான் 20 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார்.

ரத்தம் கட்டாமல் இருக்கப் போட்ட ஊசியால் எப்படி ரத்தம் கட்டும்? தப்பான ஊசி போட்டுவிட்டார்களா? பிளேட்லெட் ஏற்றாதது சரியா? மாத்திரை எத்தனை நாள்? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? அம்மாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டியிருக்கும் என்று இதய டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார், அதிலும் ஹெபாரின் போடுவார்களாமே. தாய்மாமா இரண்டு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார், அவருக்கும் இது வருமா?

பதில்:

வணக்கம். பிளேட்லெட் எண்ணிக்கையை நாள்வாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதுதான் இந்த நோயில் பாதி விஷயம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அம்மாவுக்கு வந்ததைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள், வைத்தியமும் சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இனி நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன, அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு ஹெபாரினால் வரும் தட்டணுக் குறைவு என்று பெயர், தட்டணு என்றால் பிளேட்லெட். வார்டில் டாக்டர்களும் நர்ஸ்களும் சுருக்கமாக ‘ஹிட்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும், ஈறில் வரும், மூக்கில் வரும் என்பதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. வருஷா வருஷம் வரும் டெங்கு நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. ஹிட்டில் நடப்பது அதற்கு நேர் எதிர். எண்ணிக்கை விழ விழ ரத்தம் உறைகிறது. கால் நரம்பில், நுரையீரலில், சில பேருக்கு மூளைக்கோ காலுக்கோ போகும் தமனியில் கட்டி அடைக்கிறது. இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால், டாக்டர் ஏன் அப்படிச் செய்தார், இப்படிச் செய்தார் என்ற உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும்.

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிளேட்லெட்டுக்குள் பி.எஃப்.4 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு நேர்மின்னூட்டம், ஹெபாரினுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் இரண்டும் ரத்தத்தில் சந்தித்ததும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது புரதத்தின் உருவம் கொஞ்சம் மாறிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் உடம்பு இதைக் கண்டுகொள்வதில்லை. சிலருக்கு மட்டும் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏதோ அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடி, ஹெபாரினும் பி.எஃப்.4உம் சேர்ந்த அந்தக் கூட்டில் ஒரு பக்கம் ஒட்டி, தன் வால் பக்கத்தால் பிளேட்லெட்டின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டுவிடும். தொட்டதும் பிளேட்லெட் தூண்டப்படுகிறது, உள்ளே இருப்பதைக் கொட்டுகிறது, இன்னும் நிறைய பி.எஃப்.4 வெளியே வருகிறது, அது இன்னும் நிறைய ஹெபாரினோடு சேர்கிறது. கூடவே ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினும் ஏராளமாக உருவாகிறது. ஆக, ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் பிளேட்லெட் எங்கோ வீணாகிப் போனது இல்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக்கொண்டும், ஆன்டிபாடி ஒட்டியதால் மண்ணீரல் போன்ற இடங்களில் வடிகட்டப்பட்டுக்கொண்டும் இருந்தன. அம்மாவின் தொடையில் வந்த கட்டியும் 78,000 என்ற எண்ணும் ஒரே நாளில் தெரிந்தது தற்செயல் கிடையாது, இரண்டும் ஒன்றேதான்.

இது புதிதாக முளைத்த நோயும் கிடையாது. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் வைஸ்மனும் டோபினும் 1958இலேயே, ஹெபாரின் ஏறிக்கொண்டிருந்த நோயாளிகளுக்குத் தமனியில் கட்டி அடைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெளியே எடுத்த கட்டி வழக்கமான சிவப்பாக இல்லாமல் வெளிறிப்போய் இருக்கும், அவ்வளவும் பிளேட்லெட். அதனால் இதை வெள்ளைக் கட்டி நோய் என்றுகூட ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆன்டிபாடி எதைக் குறிவைக்கிறது, அது பி.எஃப்.4 தான் என்று தெரிய 1992 ஆனது.

தப்பான ஊசி போட்டுவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒருவருக்கு ரத்தம் உறையாமல் பார்க்கும் மருந்து கொடுக்காமல் விடுவதுதான் தப்பு. மருந்து இல்லாவிட்டால் காலில் கட்டி வருவது, ஹிட் வருவதைவிட எத்தனையோ மடங்கு நடக்கக்கூடியது, அது நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். யாருக்கு ஹிட் வரும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு, அதிலும் எலும்பு, இதய ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஊசியிலும் வித்தியாசம் உண்டு. அம்மாவுக்குப் போட்டது பழைய வகை ஹெபாரின். கிளெக்சேன் என்று கடைகளில் கிடைக்கும் ஈனாக்சபாரின் போன்ற சிறு மூலக்கூறு வகையில் இது கணிசமாகக் குறைவு. கனடாவில் இடுப்பு ஆபரேஷன் ஆன 665 பேரை வைத்து 1995இல் வெளியான ஆய்வில், பழைய ஹெபாரின் போட்ட 332 பேரில் 9 பேருக்கு ஹிட் வந்தது, ஈனாக்சபாரின் போட்ட 333 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை, அபூர்வமாக அதிலும் வருகிறது. விலை, சிறுநீரகத்தின் நிலை, ஆபரேஷன் எப்போது என்பதையெல்லாம் வைத்துத்தான் எந்த ஊசி என்று முடிவு செய்வார்கள். பழைய வகையைத் தேர்ந்தெடுத்ததைக் குற்றமாக நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையை இடையிடையே பார்த்துக்கொண்டிருந்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பார்த்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 2,60,000 இருந்தது ஆபரேஷனுக்கு மறுநாள் 1,90,000 ஆனது. இது பயப்பட வேண்டிய இறக்கம் இல்லை, ரத்தம் போனதாலும் சலைன் ஏறியதாலும் எல்லோருக்கும் இப்படி இறங்கும். ஐந்தாம் நாள் 2,30,000, அதாவது தானாக ஏற ஆரம்பித்துவிட்டது. சாதாரணமாக விட்டிருந்தால் இரண்டாம் வாரத்தில் மூன்று லட்சம், நான்கு லட்சம் என்றுகூடப் போயிருக்கும், ஆபரேஷன் ஆன உடம்பு அப்படித்தான் செய்யும். ஏற வேண்டிய நேரத்தில் விழுந்து எட்டாம் நாள் 78,000. இப்படி, முதலில் சின்ன இறக்கம், அப்புறம் ஏற்றம், அதற்கப்புறம் ஒரு பெரிய வீழ்ச்சி என்று வந்தால், இரண்டாவது வீழ்ச்சிக்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டும். ஹெபாரின் ஆரம்பித்து 5 முதல் 10 நாளுக்குள் அந்த வீழ்ச்சி வந்தால் முதல் சந்தேகம் ஹிட் மேல்தான், ஆன்டிபாடி தயாராக அவ்வளவு நாள் பிடிக்கும்.

லேப் ரிப்போர்ட்டில் 1,50,000க்குக் கீழே போனால்தான் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். அதை நம்பி இருக்கக் கூடாது. மூன்றரை லட்சம் இருந்தவருக்கு 1,60,000 ஆகியிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் காட்டும், ஆனால் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஹிட்டில் எண்ணிக்கையைவிட எத்தனை சதவீதம் விழுந்தது என்பதுதான் முக்கியம். இன்னொன்று, ஹிட்டில் எண்ணிக்கை ரொம்ப அடிமட்டத்துக்குப் போவது குறைவு. பெரும்பாலும் 20,000க்கு மேலேயே நின்றுவிடும். ஐயாயிரம், பத்தாயிரம் என்று வந்தால் வேறு காரணத்தையும் தேடுவோம்.

டாக்டர்கள் இதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு விழுந்தது, எந்த நாளில் விழுந்தது, புதிதாகக் கட்டி வந்ததா, விழுந்ததற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 3 வரை வந்தால் ஹிட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 4, 5 நடுத்தரம், 6 முதல் 8 என்றால் வலுவான சந்தேகம். அம்மாவுக்கு முதல் மூன்றிலும் முழு மதிப்பெண், நான்காவதில் எப்படிப் போட்டாலும் 6க்குக் குறையாது. ‘வேறு காரணம்’ என்று சொல்லும்போது டெங்கு, ஆபரேஷனுக்குப் பின் வரும் கிருமித்தொற்று, சில ஆன்டிபயாடிக்குகள் எல்லாவற்றையும் பார்ப்போம். சில சமயம் ரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கும் மருந்தால் பிளேட்லெட் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மெஷின் குறைத்து எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் ஸ்லைடில் பார்த்தோ வேறு குழாயில் எடுத்தோ சரிபார்ப்பார்கள். டெங்கு என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை, ஆனால் டெங்கு தொடையில் கட்டி கொண்டுவருவது ரொம்ப அபூர்வம்.

பி.எஃப்.4 டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலே ஹிட் என்று முடிவு கட்ட முடியாது. இதய ஆபரேஷன் ஆன நிறையப் பேருக்கு நோய் இல்லாமலேயே ஆன்டிபாடி மட்டும் இருக்கும். ஓ.டி. என்பது டெஸ்ட்டில் ஆன்டிபாடி எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்ற அளவு, அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பலாம். 0.4ஐ ஒட்டி இருந்தால் சந்தேகம்தான், அம்மாவின் 2.4 தெளிவான பாசிட்டிவ். நெகட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் ஹிட் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ஆன்டிபாடி உண்மையிலேயே பிளேட்லெட்டைத் தூண்டுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் உண்டு, அது எல்லா ஊரிலும் கிடைக்காது. எப்படி இருந்தாலும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாது, வலுவான சந்தேகம் என்றால் அந்த நிமிஷமே வைத்தியத்தை ஆரம்பித்துவிட வேண்டும். உங்கள் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

வைத்தியம் என்றால் என்ன? ஹெபாரினை நிறுத்துவது முதல் வேலை, ஆனால் அதோடு விட்டால் போதாது. நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், கட்டி இன்னும் வராத நோயாளிகளிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் எங்காவது கட்டி வந்துவிடுகிறது. பழைய ஹெபாரினை நிறுத்திவிட்டு கிளெக்சேனுக்கு மாற்றுவதும் கூடாது, ஒன்றுக்கு உண்டான ஆன்டிபாடி மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஹெபாரின் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் மருந்தால், முழு அளவில், ரத்தம் உறைவதை உடனே தடுக்க வேண்டும். நரம்பு வழியாகத் தொடர்ந்து ஏற்றும் ஆர்கட்ரோபான், பிவாலிருடின். தினம் ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் ஃபோண்டாபாரினக்ஸ். நிலைமை சீராக இருப்பவர்களுக்கு ரிவராக்சபான், அபிக்சபான் மாதிரி மாத்திரைகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கல்லீரல், சிறுநீரகம், இன்னொரு ஆபரேஷன் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. ஃபோண்டாபாரினக்ஸ் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அம்மாவுக்கு அது போட்டார்கள் என்றால் கிரியேட்டினின் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது பிளேட்லெட் ஏற்றாத விஷயம். பிள்ளைகள் நடுராத்திரியில் வந்து நிற்கும்போது டாக்டர் வேண்டாம் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கலக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், இப்படிப்பட்ட குடும்பங்களோடு நானும் வார்டு வாசலில் நின்று பேசியிருக்கிறேன். அவர் ஏற்றாமல் விட்டதற்குப் பணமோ அலட்சியமோ காரணம் இல்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி சுற்றிக்கொண்டிருக்கும்போது புதிதாகப் பிளேட்லெட் கொடுத்தால் அதுவும் தூண்டப்பட்டுக் கட்டியாகலாம், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. ஹிட்டில் தானாக ரத்தம் கசிவது அபூர்வம் என்பதால் எண்ணைத் தூக்கி நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. உண்மையிலேயே ரத்தம் போய்க்கொண்டிருந்தாலோ, ரத்தப்போக்கு அபாயம் அதிகமுள்ள அவசர சிகிச்சை செய்ய வேண்டியிருந்தாலோ மட்டும் ஏற்றுவோம். டெங்குவிலேயே எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயத்தை அம்மாவின் டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார், அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரைகளான வார்ஃபரினோ அசிட்ரோமோ, எண்ணிக்கை ஏறுவதற்கு முன் ஆரம்பிக்கவில்லை. ரத்தக்கட்டி என்றாலே அசிட்ரோம் என்பது நம் ஊரில் வெகுநாள் பழக்கம். அந்த வகை மாத்திரைகள் முதல் சில நாளில், ரத்தம் உறையாமல் காக்கும் புரதம் சி என்ற நம் சொந்தப் பாதுகாப்பைத்தான் முதலில் குறைக்கும். ஹிட் சூடாக இருக்கும்போது இது நடந்தால், கட்டி வந்த காலில் மிகச் சிறிய நாளங்கள்கூட அடைபட்டு, பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கும்போதே விரல்கள் கறுத்துப்போகும். காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அதனால் பிளேட்லெட் 1,50,000ஐத் தாண்டி நிலையாகும்வரை அவை கூடாது. ஏற்கனவே அசிட்ரோம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு ஹிட் வந்தால் அதை நிறுத்தி வைட்டமின் கே கொடுத்து முறிக்க வேண்டும்.

மாத்திரை எத்தனை நாள் என்றால், கட்டி வந்தவர்களுக்கு வழக்கமாக மூன்று மாதம். கட்டி வராமல் எண்ணிக்கை மட்டும் விழுந்தவர்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, பிளேட்லெட் தேறும்வரையோ அதற்குமேல் சில வாரங்களோ போதும். அம்மாவுக்கு மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. ரிவராக்சபான் 20 மி.கி. வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது, சாப்பாட்டோடு கொடுங்கள், தினமும் ஒரே நேரத்தில். இடுப்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை: இந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதற்கும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசபைன் ஆகியவை ரிவராக்சபானின் வேலையைக் குறைத்துவிடும், பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் கூட்டிவிடும். வேறு எந்த டாக்டரைப் பார்த்தாலும் இந்த மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். இந்த நோயில் பிளேட்லெட் உற்பத்தி குறையவில்லை, எலும்பு மஜ்ஜை நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. குறைந்ததற்குக் காரணமான ஹெபாரின் போனதும் எண்ணிக்கை தானாக ஏறியதை நீங்களே பார்த்தீர்கள். அம்மாவுக்கு இப்போது எண்ணிக்கை நார்மல், ஏற்ற வேண்டியதே இல்லை. வீங்கிய காலில் எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும் கூடவே கூடாது, யார் சொன்னாலும் சரி. உள்ளே இருக்கும் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நடக்கலாம், நடக்க வேண்டும், பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

இனிமேல் ஹெபாரின் என்ற பேச்சே அம்மாவுக்குக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கல் என்னவென்றால், ஹெபாரின் ஊசியாக மட்டும் வருவதில்லை. கழுத்தில், கையில் போடும் லைன் அடைக்காமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் ஹெபாரின் கலந்த நீர் விடுவார்கள், அந்தத் துளி அளவுகூட ஆன்டிபாடி இருப்பவருக்குப் போதும். ஹெபாரின் பூசிய கதீட்டர்கள் உண்டு. ஆஞ்சியோகிராமில், டயாலிசிஸில், ஓபன் ஹார்ட் ஆபரேஷன் மெஷினில் எல்லாம் அது உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒன்று, கேனுலா போட்ட இடம் வீங்கிச் சிவந்தால் தடவிவிடும் த்ராம்போஃபோப் களிம்பில் இருப்பதும் ஹெபாரின்தான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பையில் அது இருந்தால் எடுத்து ஒதுக்கி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த நோயின் பெயர், எந்த மருந்தால், எந்தத் தேதியில், எண்ணிக்கை எவ்வளவுக்குப் போனது, ஓ.டி. எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அலர்ஜி என்ற இடத்தில் ‘ஹெபாரின், எல்லா வகையும்’ என்று வர வேண்டும். அதை ஒரு சின்ன அட்டையில் எழுதி லேமினேட் பண்ணி அம்மாவின் பர்ஸில் ஒன்று, உங்கள் போனில் போட்டோவாக ஒன்று. இரவு இரண்டு மணிக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், நர்ஸ் கையில் ஊசியோடு வரும்போது பேசப்போவது அந்த அட்டைதான்.

ஆஞ்சியோகிராம் எடுக்க முடியாதா என்று கவலைப்பட வேண்டாம். அவசரமில்லை என்றால் மூன்று, நான்கு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஆன்டிபாடி நிரந்தரமாகத் தங்குவதில்லை, ஏறக்குறைய 100 நாளில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதற்கு முன்பே அவசரமாக எடுக்க வேண்டி வந்தாலும், ஹெபாரினுக்குப் பதில் பிவாலிருடின் வைத்து ஆஞ்சியோவும் செய்யலாம், ஸ்டென்ட்டும் வைக்கலாம், குழாயைக் கழுவச் சாதாரண சலைன் போதும். ஒருவேளை பின்னாளில் பைபாஸ் ஆபரேஷன் தேவைப்பட்டால், ஆன்டிபாடி மறைந்துவிட்டதை டெஸ்ட் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஆபரேஷன் நடக்கும் அந்தச் சில மணி நேரம் மட்டும் ஹெபாரின் கொடுப்பதுண்டு. அது எப்படிச் சரி என்றால், மறைந்த ஆன்டிபாடி மறுபடி தயாராகவும் குறைந்தது ஐந்து நாளாவது பிடிக்கும், அதற்குள் ஹெபாரின் உடம்பைவிட்டுப் போயிருக்கும். ஆன்டிபாடி இன்னும் இருக்கும்போது, அதாவது முதல் நூறு நாளுக்குள் மறுபடி ஹெபாரின் ஏறினால், ஐந்து நாள் எல்லாம் காத்திருக்காது. அன்றைக்கே எண்ணிக்கை சரியும், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல்கூட வரலாம். அதனால்தான் இந்த முதல் மூன்று மாதத்தில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

மாமாவைப் பற்றி: இது அம்மாவின் ரத்தத்தோடு குடும்பத்தில் இறங்கி வருகிற நோய் கிடையாது. அம்மாவுக்கு வந்ததால் மாமாவுக்கோ உங்களுக்கோ ஹெபாரின் கூடாது என்று சொல்ல மாட்டோம். டயாலிசிஸில் இது வந்தால் பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் வரும். இரண்டு வருடம் ஒன்றுமில்லாமல் போனவருக்குப் பயப்படக் காரணமில்லை. ஃபில்டர் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டு, பிளேட்லெட்டும் பாதியாகக் குறைந்தால் மட்டும் யூனிட்டில் கேளுங்கள்.

நெட்டில் பி.எஃப்.4 என்று தேடினால் கோவிஷீல்டு தடுப்பூசிச் செய்திகளாக வந்து விழும், உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 2021இல் அஸ்ட்ராஜெனெகா வகைத் தடுப்பூசி போட்ட மிகச் சிலருக்கு, ஹெபாரின் இல்லாமலேயே பி.எஃப்.4க்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகிக் கட்டி வந்தது உண்மை. ஆனால் அந்த ஆன்டிபாடி ஒட்டுவது அதே புரதத்தில் வேறு இடத்தில். அம்மாவுக்கு எப்போதோ போட்ட தடுப்பூசிக்கும் இப்போது வந்ததற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இதைப் படிக்கிற வேறு வீடுகளிலும், மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டிலேயே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருப்பார்கள். ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பித்த 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரைக்குள் பிளேட்லெட் எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஆபரேஷனுக்கு முன் இருந்த எண்ணைக் கையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் கறுத்துப் புண்ணாவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, பாதம் சில்லிட்டு வெளுப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுவது, கை கால் விளங்காமல் போவது, இதில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த ஊசி போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஊசியை நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகும் அபூர்வமாக இது தலைகாட்டும் என்பதால், போன மாதம் ஹெபாரின் போட்டிருந்தார்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

அடுத்த ரிவ்யூவுக்கு அம்மாவைக் கூட்டிப்போகும்போது பிளேட்லெட், ஹீமோகுளோபின், கிரியேட்டினின் மூன்றையும் எடுத்துக் கொண்டுபோங்கள். மூன்று மாதம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குமுன் டாப்ளர் மறுபடி எடுக்க வேண்டுமா, ஆன்டிபாடி டெஸ்ட்டை எப்போது திரும்பச் செய்யலாம் என்று அன்றைக்கே கேட்டு, இதய டாக்டருக்கும் சேர்த்து ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.